தெசாருவில் கிடைக்காத அறை

சிங்கப்பூரை ஒட்டிய மலாய் நாட்டு ஜொகூருக்கு நான் போனது ஊர் சுற்ற அல்ல, சேலை கொண்டுபோய்க் கொடுக்க. என் கணவரின் பெரியப்பா மகள் சரோஜா மாசாயில் இருக்கிறாள். அவள் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் பட்டும் சம்பந்தி வீட்டுக்கான சேலைகளும் ஈரோட்டிலிருந்து என் கையாலேயே வர வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். வீட்டு முன்னறையில் சேலை வியாபாரம் செய்கிறவள் நான். அந்தப் பட்டைக் கூரியரில் போட எனக்கும் மனமில்லை. பெட்டியில் எங்கள் துணிக்கு ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தையெல்லாம் பட்டுக்குக் கொடுத்து நானும் இவரும் கிளம்பினோம். இவர் என்றால் என் கணவர். கூடவே வந்தார், பாதிப் பயணம் தூங்கினார்.

மாசாய் தொழிற்சாலைக்காரர்களின் ஊர். சரோஜாவும் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை வேலையில் இருக்கிறாள். எங்களுக்காக அந்த வாரம் லீவு போட்டிருந்தாள். அடுக்குமாடியில் நீளமாக ஒரு நடை, அதன் ஓரமாக வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் செருப்பு அடுக்கு, துணிக்கொடி, ஒரு தொட்டிச் செடி. காற்று திரும்பினால் பாமாயில் வாசனை வரும். நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே சரோஜா சொல்லிவிட்டாள்.

"அண்ணி, சேலைக்குக் கூலி வெச்சிருக்கேன். ரெண்டு நாள் தெசாரு. கடல் தெரியற ரூம்பு. வவுச்சர் வாங்கியாச்சு. நீங்களும் அண்ணனும் ஒண்ணும் பேசக்கூடாது."

தெசாரு அங்கிருந்து காரில் போகிற தூரத்தில் உள்ள கடற்கரை. வவுச்சர் என்பது முன்கூட்டியே பணம் கட்டிய அறைச்சீட்டு. வேண்டிய தேதியில் நீட்டித் தங்கிக்கொள்ளலாம். பழைய சைக்கிளும் குழந்தைத் தொட்டிலும் விற்கிற ஆன்லைன் சந்தை ஆப்பிலேயே இதையும் விற்கிறார்கள். போக முடியாமல் போனவர்கள் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்களாம். பட்டு பாதி விலை என்று எவனாவது சொன்னால் அது பட்டில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் விருந்துக்குப் போன இடத்தில் வாயைத் திறக்கலாமா? திறக்கவில்லை.

மறுநாள் விடிவதற்குள்ளேயே கீழே ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பியது. அடுத்து இன்னொன்று, அப்புறம் ஊரே கிளம்பியது. எல்லாம் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம். சரோஜாவின் கணவரும் அதில் ஒருவர், அங்கே லாரி ஓட்டுகிறார். அவர் முகத்தை நான் நிதானமாகப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாளெல்லாம் ஹெல்மெட்டைத்தான் பார்த்தேன்.

பல் விளக்கிவிட்டு நடையில் நின்றபோது பக்கத்து வீட்டுக் கமலா, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். பசி இல்லை என்றேன். உடனே முகம் வாடிவிட்டது அவளுக்கு. அங்கே பசியாறுதல் என்றால் காலைச் சாப்பாடு. நம் ஊரில் டிபன் ஆச்சா என்று கேட்பார்களே, அதுதான். என்ன அழகான சொல். நம் ஆட்கள் அதைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, டிபனை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். கமலா கொண்டுவந்த ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் தம்பி மாதிரி இருந்தது, ஒல்லியாக, கொஞ்சம் நாகரிகமாக. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு.

"நாங்களும் ஸ்கூல் லீவுல அதே ஓட்டலுக்குத்தான் போறோம்," என்றாள் கமலா. "சரோஜா அக்காதான் லிங்க் குடுத்தாங்க. இந்த வரிசையில மூணு வீடு வாங்கியிருக்கோம்."

சரோஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கடுத்த நாள் தெசாருவுக்குக் கிளம்பினோம். சரோஜாவின் கார் சின்னது, வயதானது. வழி நெடுக இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை. எங்கள் பக்கம் தென்னந்தோப்பு வந்தால் நடுவில் ஒரு வீடாவது, ஒரு மாட்டுக்கொட்டகையாவது கண்ணில் படும். இங்கே பனை, பனை, மேலும் பனை. இவர் அழகாகத் தூங்கிவிட்டார். பாதி வழியில் கார் முன்பக்கம் புகைய ஆரம்பித்தது. ஓரங்கட்டி, சரோஜா துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனாள். எதிர்ப்பக்கம் இளநீர் விற்றுக்கொண்டிருந்த மலாய்க்காரர், "ஜாஙான்! ஜாஙான்!" என்று கத்திக்கொண்டே சாலையைத் தாண்டி ஓடிவந்தார். வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தம். சூடு ஆறும்வரை எங்களை நிழலில் உட்கார வைத்து, ஆளுக்கொரு இளநீரைச் சீவிக் கொடுத்து, பிறகு தானே தண்ணீர் ஊற்றினார். இளநீருக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

ஓட்டல் பெரியது. கண்ணாடிக்குப் பின்னால் கடல் தெரிந்தது. வரவேற்பு மேசையில் முக்காடு போட்ட இளம்பெண், சிரித்த முகம். சரோஜா போனை நீட்டினாள். அந்தப் பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள், திரும்பவும் தட்டினாள், உள்ளே போய் ஒருவரை அழைத்து வந்தாள். பிறகு மெதுவான குரலில் மலாயில் பேசினாள். அவள் சொன்னதைச் சரோஜா எங்களுக்குச் சொல்லவே இல்லை. "அலாமாக்," என்று மட்டும் சொன்னாள். ஐயய்யோ என்பதற்கு அங்கே அதுதான் சொல்.

அந்தப் பெண்ணே ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினாள். "இது எங்கள் வவுச்சர் இல்லை, அம்மா. எங்கள் படத்தைப் போட்டு யாரோ செய்தது. இப்படி வருகிற முதல் ஆள் நீங்கள் இல்லை. எல்லாரும் வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து போலீஸில் புகார் கொடுங்கள்."

இவர் பையைத் துழாவி, "நாம கட்டிக்கலாம், விடு," என்றார். "அண்ணே, அத மட்டும் சொல்லாதீங்க," என்றாள் சரோஜா. அவளைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களை அழைத்துப் போய் வாசலில் நிற்க வைத்துவிட்டோம் என்கிற வேதனை அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

ஓட்டலை ஒட்டியே காசில்லாத கடல் இருக்கிறது. பொதுக் கடற்கரையில் சவுக்கு நிழலில் உட்கார்ந்து கறிபாப் சாப்பிட்டோம். உருளைக்கிழங்கு மசாலாவை மடித்துப் பொரித்த பண்டம், நம் சோமாசிக்கு உறவு. கடல் ஒன்றும் குறை வைக்கவில்லை. சரோஜா மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னிடம் கொடுத்தாள்.

"கேளுங்க அண்ணி. இந்தக் கொரல்ல என்னா கெட்ட எண்ணம் இருக்கு, சொல்லுங்க."

ஓர் இளைஞனின் குரல். "வணக்கம் அக்கா. ஆப்புக்குள்ள கட்டுனா கமிஷன் புடிச்சிக்குவாங்க அக்கா. உங்களுக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம் அக்கா. எங்க அக்கா அக்கவுண்டுல போட்டுடுங்க அக்கா."

மூச்சுக்கு ஓர் அக்கா. வாட்ஸாப்பில் சேலை விற்கும்போது நானும் இதே ராகத்தில்தான் பேசுகிறேன் என்பது உறைத்தது. கறிபாப்பைக் கீழே வைத்தேன். அடுத்து பணம் அனுப்பிய ரசீதைக் காட்டினாள். பணம் போன பெயர்: அஞ்சலை ஏ/பி சன்னாசி.

"ஏனுங்க, ஆந்திராக்காரி!" என்றேன் நான்.

"நெனச்சேன்," என்றார் இவர், எதையும் நினைக்காமலேயே.

எங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மஞ்சள் மண்டிக்கு வருகிற லாரிகளில் ஏ.பி. என்ற எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள். சரோஜா எங்களைத் திகைத்துப் பார்த்தாள். பிறகு அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள்.

"அண்ணி, ஏ/பி-ன்னா ஆனாக் பெரெம்புவான். மகள்னு அர்த்தம். சன்னாசி மகள் அஞ்சலை. ஆம்பளன்னா ஏ/எல் போடுவாங்க. என்னோட ஐசியிலயும் இருக்கு, பாருங்க." அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இது கிடையாதாம். பெயருக்கு நடுவே ஏ/பி இருந்தால் ஆள் நம்மவர் என்று அர்த்தம்.

"அதப் பாத்துத்தான் கட்டினேன்," என்றாள். "நம்ம பொம்பள. அப்பா பேரப் போட்டுக்கிட்டு யாராச்சும் திருடுவாங்களா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் தம்பியுமாகக் கூட்டுச் சேர்ந்து கடை போட்டிருக்கிறார்கள். தம்பி பேசுகிறான், அக்கா வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். திரும்பி வரும்போது காரில் அந்த அஞ்சலையை நான் திட்டாத திட்டில்லை. சரோஜாவும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டாள். இவர் மட்டும் தூக்கத்திலிருந்தார்.

மறுநாள் காலையில் ஆப்பில் புகார் செய்ய உட்கார்ந்தோம். விற்பவரின் பக்கத்தில் ஓரமாக ஒரு சின்னக் கொடி. அதைத் தொட்டால், என்ன குற்றம் என்று கேட்கிறது. போலிப் பொருள், தடை செய்த பொருள், ஆபாசம் என்று வரிசையாகக் காரணங்கள். அக்கா என்று கூப்பிட்டு ஏமாற்றினான் என்பதற்கு இடமில்லை. போலி என்பதைத் தொட்டு, ஓட்டலில் சொன்னதை எழுதி, ரசீதையும் இணைத்து அனுப்பினோம். உடனே பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். பணம் ஆப்புக்கு வெளியே போனதால் தங்களால் மீட்க முடியாது என்றும் சொல்லியிருந்தார்கள். மதியத்துக்குள் அந்தப் பக்கம் காணாமல் போனது. சாயங்காலம் அதே கடல் படத்தோடு வேறொரு பெயரில் புதிய பக்கம் முளைத்தது. சரோஜா அதன் மேலும் புகார் செய்தாள். அவளுக்கு அதில் கை பழகிவிட்டது.

அப்போதுதான் கமலா வந்தாள். வாசலிலேயே நின்றாள். முந்தாநாள் ரொட்டி கொண்டுவந்த முகம் இல்லை அது.

"ஓட்டல்ல திருப்பி அனுப்பிட்டாங்களாமே. எங்க வவுச்சர் என்னாவுறது அக்கா?"

"நானும் ஏமாந்துட்டேன் கமலா."

"நீங்கதானே நல்ல ஆளுன்னு சொன்னீங்க. உங்களுக்கு ஏதாச்சும் கமிஷன் கெடச்சிச்சான்னு என் வீட்டுக்காரரு கேக்கறாரு. மத்த ரெண்டு வீட்டுலயும் அதே பேச்சுதான்."

சரோஜாவின் மகள் கல்யாணத்துக்குப் பந்தியில் நிற்கப் போவதே இந்த மூன்று வீட்டாரும்தான். அந்த நடையில் இத்தனை வருடமாகச் சம்பாதித்த பெயர் ஒரு லிங்கில் போய்விடும் போலிருந்தது.

"பாலாய்ல ரிப்போர்ட் குடுங்க," என்றாள் கமலா. பாலாய் என்றால் போலீஸ் நிலையம். "அத நான் கண்ணால பாத்தாத்தான் மத்தவங்க கிட்ட பேச முடியும்."

நான் ரசீதை அவளிடம் நீட்டினேன், ஆள் யாரென்று பார் என்று. அவர்கள் வீட்டில் பணம் கட்டியது கணவர்; அந்தப் பெயரை அவள் இப்போதுதான் பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள். "சன்னாசியா? என் தங்கச்சி வீட்டுக்கிட்ட, ஸ்கூடாய்ல, நாசி லெமாக் விக்கிறாங்க ஒரு அஞ்சலை. கடையில மாட்டியிருக்கற லைசென்ஸ்ல இந்தப் பேருதான் இருக்கும்."

போலீஸுக்குப் போய்விடலாம் என்றார் இவர். "மொதல்ல அந்த மூஞ்சியப் பாக்கணும் அண்ணே," என்றாள் சரோஜா. எனக்கும் அதே எண்ணம்தான்.

மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். ஸ்கூடாய் பல்கலைக்கழகம் உள்ள ஊர். காரும் மாணவர்களும் நகல் கடைகளும் நெருக்கித் தள்ளுகிறார்கள். நம் ஊராக இருந்தால் அந்த நெரிசலில் ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும். இங்கே எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றார்கள், எனக்குத்தான் பொறுமை இல்லை. என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மாடி வீடுகளின் வரிசை முடிகிற இடத்தில் ஒரு பெரிய குடை, இரண்டு மேசை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள். கம்பத்தில் லைசென்ஸ் தொங்கியது. அதே பெயர். அதில் ஒட்டியிருந்த படத்தைவிடக் கொஞ்சம் வயது கூடிய பெண் அடுப்புக்குப் பின்னால் நின்றாள். நாங்கள் வாயைத் திறக்குமுன், "வாங்க, வாங்க. ஊர்லேருந்து வந்திருக்கீங்களா? ஒக்காருங்க, மொதல்ல பசியாறுங்க," என்றாள்.

"ஒரு விஷயம் பேசணும்," என்றாள் சரோஜா.

"பசியாறிட்டுப் பேசலாம்லா. சோறு எங்க ஓடிப் போவுது?"

நாசி லெமாக் என்றால் வாழையிலையில் தேங்காய்ப்பால் சோறு, சம்பல் என்கிற மிளகாய்த் தொக்கு, பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, பாதி முட்டை. சாப்பிடக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தச் சம்பலின் வாசனை என் கொள்கையைக் கேட்கவில்லை. இவர் இரண்டாவது பொட்டலம் வாங்கினார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, ஒத்திகை பார்த்த வசவில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவள் சோற்றைச் சாப்பிட்ட வாய்தானே.

சரோஜா ரசீதைக் காட்டினாள். "இது உங்க அக்கவுண்டுதானே? உங்க தம்பி எங்க?"

"எந்தத் தம்பி? எனக்குத் தம்பி கெடயாது. நான் ஒரே பிள்ள."

"உங்க தம்பிதான் பேசினாரு. எங்க அக்கா அக்கவுண்டுல போடுங்கன்னு சொன்னாரே."

அஞ்சலை கரண்டியைக் கீழே வைத்தாள். ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "அந்தத் தம்பியா?" என்றாள், தனக்குத்தானே.

தினமும் வந்து பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்த ஒருவன். பெயர்கூட இவளுக்குத் தெரியாது, தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அக்கா, அக்கா என்று உயிரை விடுவானாம். கார் கடன் பாக்கியால் தன் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது, ஆன்லைனில் துணி விற்கிறேன், பணம் வந்து விழ ஒரு கணக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இவளும் தன் பெயரில் புதிதாக ஒன்றைத் திறந்து, கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டாள். மாதம் கொஞ்சம் கையில் வைப்பானாம். இந்த மாதம் ஆளையே காணவில்லை, போனில்தான் பேசுகிறான்.

"துணி விக்கிறான்னுதான் நெனச்சேன். எத்தன பேரு என் பேருக்குக் கட்டியிருக்காங்கன்னு தெரியலயே," என்றாள்.

"இங்க இதுக்குப் பேரே இருக்கு அக்கா," என்றாள் சரோஜா. காரில் வரும்வரை அவளை அவள் இவள் என்று திட்டியவள் அக்கா என்றதைக் கவனித்தேன். "கெல்டாய் அக்கவுண்டு. கெல்டாய்ன்னா கழுத. வேற ஒருத்தன் மூட்டையச் சொமக்கறது."

"பொருத்தமாத்தான் பேரு வெச்சிருக்காங்க," என்றாள் அஞ்சலை.

ஒரு மாணவி வந்து பொட்டலம் கேட்டாள். அஞ்சலை கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் பாலாய்க்குப் போயித்தான் ஆவணும்," என்றாள் சரோஜா. "என் வரிசையில மூணு வீடு. என்னைத்தான் சந்தேகப்படறாங்க. ரிப்போர்ட் குடுத்தா உங்க பேருதான் மொதல்ல வரும். கோர்ட்டுக்குக்கூட இழுப்பாங்கன்னு சொல்றாங்க."

"லைசென்ஸப் புடுங்கிடுவாங்களா?"

"தெரியலக்கா."

அஞ்சலை குடையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். "குடுக்காதீங்கன்னு நான் எப்படிச் சொல்றது? நீங்களும் நாலு பேருக்கு நடுவுல இருக்கணும்ல. நாளைக்குக் கடைய அடைச்சிட்டு நானே வரேன். எந்தப் பாலாய்னு சொல்லுங்க."

சாப்பாட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள். சரோஜா மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பும் வழியில் யாரும் யாரையும் திட்டவில்லை. "வர மாட்டா," என்றார் இவர். அதிசயமாக விழித்திருந்தார். "பயந்து எங்காவது போயிருவா." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையைச் சொன்னால், வராமல் இருந்தாலே நல்லது என்றுகூட ஒரு பக்கம் நினைத்தேன். இவ்வளவு கோபமாகத் தேடிப் போன ஆளுக்காக இப்படி நினைப்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் மாசாய்ப் பக்கத்துப் போலீஸ் நிலையம். நம் ஊர் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற அழுகையும் அரசியலும் அங்கே இல்லை. குளிர்ந்த அறை, வரிசை எண், சுவரில் மோசடி எச்சரிக்கைப் படங்கள். எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். சரோஜா, "இன்னும் ஒருத்தவங்க வரணும்," என்று பின்னால் வந்தவரை முன்னே விட்டாள். இரண்டாவது முறையும் விட்டாள். இவர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன்.

அஞ்சலை வந்தாள். ஸ்கூடாயிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. தலை வாரி, பளிச்சென்று ஒரு சேலை கட்டியிருந்தாள். "காலையிலயே பேங்குக்குப் போன் பண்ணி அந்தக் கார்ட நிப்பாட்டிட்டேன்," என்று சொல்லிவிட்டுச் சரோஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு பெண் போலீஸ். இரண்டு பேர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். அவர் மலாயில் சொன்னதைச் சரோஜா துண்டு துண்டாக எங்களுக்குச் சொன்னாள். சரோஜா ஏமாந்ததாக ஒரு புகார். கணக்கைக் கொடுத்ததாக அஞ்சலை ஒரு வாக்குமூலம். இரண்டும் தனித்தனி. விசாரணைக்கு அழைப்பார்கள். தானே வந்தது நல்லதுதான், ஆனால் வழக்கு வருமா வராதா என்று இப்போது உறுதி சொல்ல முடியாது. கணக்கு அவள் பெயரில் இருக்கிறது.

அஞ்சலை தலையை ஆட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

பெண் போலீஸ் சரோஜாவின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். சரோஜா அஞ்சலையைப் பார்த்தாள்.

"என்ன கேக்கறாங்க?" என்றேன்.

"யாரு மேல புகார்னு கேக்கறாங்க அண்ணி. என்னை ஏமாத்துனவங்க பேரச் சொல்லணுமாம்."

எங்களிடம் இருந்தது ஒரே ஓர் உண்மையான பெயர். ரசீதில் இருந்த பெயர். அந்தப் பெயருக்கு உரியவள் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைச் சொல்லிவிட்டால் கமலாவிடம் காட்ட ஒரு காகிதம் கிடைத்துவிடும். அஞ்சலை, "சொல்லுங்க, பரவால்ல," என்றாள் மெதுவாக.

அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள், முகம் மாறியது. "அதுதான். அந்தத் தம்பி." பெண் போலீஸ் சத்தமாக வைக்கும்படி கையால் காட்டினார். அஞ்சலை ஸ்பீக்கரைத் தொட்டாள்.

"அக்கா, வணக்கம் அக்கா. பசியாறியாச்சா அக்கா? கார்டு வேல செய்யல அக்கா. என்னாச்சு அக்கா?"

சரோஜா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். தெசாரு மணலில் நாங்கள் கேட்ட அதே குரல், அதே ராகம்.

அஞ்சலை நிதானமாகப் பேசினாள். "தம்பி, நான் பாலாய்ல இருக்கேன். உன் கார்டப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம். போலீஸும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நீயும் வாயேன்."

அவன் போனை வைத்துவிட்டான்.

பெண் போலீஸ் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். எங்கே இருக்கிறாய் என்று நயமாக நாலு வார்த்தை பேசி வாங்கியிருக்கக் கூடாதா, போலீஸ் என்று ஏன் சொன்னீர்கள் என்று அலுத்துக்கொண்டார். சரோஜா அதைத் தமிழில் சொன்னாள்.

"எனக்கு அப்படியெல்லாம் பேச வராதும்மா," என்றாள் அஞ்சலை.

சரோஜா அதை மலாயில் திருப்பிச் சொன்னாள். பெண் போலீஸ் போனில் வந்த அந்த எண்ணை எழுதிக்கொண்டார். பிறகு விசைப்பலகையை இழுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சரோஜாவைக் கேட்டார். யார் மேல் புகார்?

"இப்போ பேசினானே, அவன் மேல," என்றாள் சரோஜா.

"பெயர்?"

"பேரு தெரியாது. அக்கான்னு கூப்புடுவான்."

பெண் போலீஸ் சிரிக்கவில்லை. அதை அப்படியே தட்டினார். குரலைக் கேட்டால் அடையாளம் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"முடியும்," என்றார்கள் சரோஜாவும் அஞ்சலையும், ஒரே நேரத்தில்.